உன் தோளில் வைத்த நேர்த்தி

சேசு மரி சூசை துணை

திருகோணமலை,
11.07.1976, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பேணாட்டுக்கு,

மாதாவின் இரக்கத்தால் அப்பாவும் நானும் தங்கச்சி சீலாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வழக்கம்போல எழுதிவிட்டுப் போக இந்த முறை ஏலாது, ஏனென்றால் சுகமில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் படலையில் மணியடித்தபோது நான் சாமான் மூடும் ஒரு பெரிய கன்வஸ் படங்கின் நடுவில் இருந்து தைத்துக்கொண்டிருந்தேன், எழும்பினால் மடிப்புக் குழம்பிவிடும் என்று சீலாவை அனுப்பினேன். அவள் முதல் பக்கத்தை உரத்து வாசித்தாள், இரண்டாம் பக்கத்தில் பாதிவழியில் நிறுத்திவிட்டு நீங்களே வாசியுங்கோ அம்மா என்று தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அவளுக்குச் சல்லி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து மூன்று மாதமாகிறது, சைக்கிளில் போய் வருகிறாள், பிள்ளைகள் சொல் கேட்கிறார்களாம், வீட்டில் அவள்தான் கேட்பதில்லை. கச்சான் காற்று ஓயாமல் அடிக்கிறது, கிணற்றில் தண்ணீர் இரண்டு முழம் இறங்கிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் நோ, ஆனாலும் துறைமுகத்தில் பாரம் இறக்கும் வின்ச்சில் வேறு ஒருவரை ஏறவிடமாட்டார், தன் கை படாவிட்டால் கப்பலே கவிழ்ந்துவிடும் என்ற நினைப்பு. ஊர்ப் புதினம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் உன் தோளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், பொறுமையாக வாசி. இருந்து வாசி, வேலைக்குப் போகும் வழியில் நின்றுகொண்டு வாசிக்காதே.

நீ எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். வலது தோள் இரண்டு மாதமாக நோகிறது. அங்கே அமெரிக்காவில் டொக்டர் படம் பிடித்துப் பார்த்து, இது பழைய காயம், நாலு மாதத்துக்குப் பந்து எறியக்கூடாது என்று சொல்லிவிட்டார். கிடங்கில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் சேர்ந்து விளையாடும் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்குச் செப்டெம்பரில் பெரிய ஆட்டம் இருக்கிறது, பந்து எறிவதற்கு உன்னைத்தான் நம்பியிருக்கிறார்கள். டொக்டரின் பேச்சு உனக்கு ஏறவில்லை. பெருநாள் சுற்றுப்பிரகாரத்தில் மாதாவின் சொரூபக் கூட்டை மூன்று வருடம் தூக்குவதாக அம்மா நேர்த்தி வைத்தார், நான் ஒரு வருடந்தான் தூக்கினேன், மிச்சம் இரண்டு வருடம் நிற்பதால்தான் இந்தத் தோள் முழுதாகச் சுகப்படவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதனால் ஆவணி பதினைந்து மாதா பெருநாளுக்கு வந்து கூட்டைத் தூக்கி மிச்சத்தையும் தீர்த்துவிட்டுப் போகிறேன், கோயில் மூப்பரிடம் சொல்லி முன்தண்டில் இடம் பிடித்து வையுங்கள் என்கிறாய். அதோடு, உயிர்த்த ஞாயிறுக்கு, கல்லூரியில் உங்களுக்குப் பேஸ்போல் பழக்கிய ஹார்லன் சுவாமியைப் பார்க்கப் போனதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். தன் நாட்டுக்குத் திரும்பிப்போய், வயதான சுவாமிமார் இருக்கும் மடத்தில் அவர் கட்டிலோடு கிடக்கிறார் என்றும், உன் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர்த் தமிழிலேயே, “நான் அவசரப்பட்டுப்போட்டன் பேணாட், உன்ர தோளைக் கெடுத்தது நான்தான்” என்று சொன்னார் என்றும் எழுதியிருக்கிறாய். சீலா வாசிப்பை நிறுத்தியது அந்த இடத்தில். அவள் நிறுத்தியது சுவாமி மேல் இரக்கப்பட்டு. எனக்கு ஊசி கையிலிருந்து விழுந்ததற்குக் காரணம் வேறு.

மகனே, பெருநாளுக்கு வராதே. மூப்பரிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். ஏழு வருடம் சொல்லாமல் இருந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் படங்கு தைக்கிறவள், எனக்கு நேராகத் தைக்கத்தான் தெரியும், சுற்றி வளைத்து எழுதத் தெரியாது.

ஹார்லன் சுவாமி பேஸ்போல் தொடங்கிய காலம் உனக்கு நினைவிருக்கும், ஆனால் நான் பார்த்த பக்கத்தை நீ பார்த்திருக்கமாட்டாய். அவரிடம் இருந்தது ஆறு பந்துதான். கல்லூரி மைதானத்தின் கிறவல் மண்ணில் இரண்டு கிழமையில் தையல் பிரிந்துவிடும், புதிதாக எடுப்பிக்க வழியில்லை. யாரோ சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார், படங்குத் தையல்காரி என்றால் பந்தும் தைப்பாள்தானே என்றார். ஒரு பந்தைப் பிரித்துப் பார்த்து எண்ணினேன், நூற்றெட்டு இரட்டைத் தையல். மெழுகு பூசிய நூலால் தைத்துக் கொடுத்தபோது அவர் அதைக் கன்னத்தில் உருட்டிப் பார்த்துச் சிரித்தார். ஓடுகிறவர்கள் மிதிக்க நாலு மூலைக்கும் வைக்கும் சின்ன மெத்தைகளையும் கழிவுப் படங்கில் நான்தான் தைத்தேன். பிரிந்த பந்தை உடனே தைத்துக் கொடுக்க வேண்டும் என்பதால் பின்னேரங்களில் மைதானக் கரையில் இருந்துகொண்டேன், அதனால் நீங்கள் செய்த அப்பியாசம் எல்லாம் எனக்கு மனப்பாடம். முதலில் கடற்கரையில் கால் புதையும் ஈர மணலில் ஓட்டம். பிறகு கயிறு பிடித்து அளந்த தொண்ணூறு அடிக்குள் ஓடித் திரும்பும் ஓட்டம். நண்டைப்போலப் பக்கவாட்டில் நகர்ந்து, உருண்டு வரும் பந்துக்கு முன்னால் உடம்பைக் கொண்டுபோய் வைப்பது. சுவரில் பந்தை அடித்து வெறுங்கையால் பிடிப்பது. வளவு கூட்டும் தும்புத்தடியின் கம்பால் புன்னைக்காயை அடிப்பது, புன்னைக்காயை அடிக்கப் பழகிய கண்ணுக்குப் பந்து பூசணிக்காயாகத் தெரியும் என்று சுவாமி சொல்வார். வாளி நிறைய மணலை வைத்து அதற்குள் கையை விட்டு விரலை விரித்து மடக்குவதை நீ ஒருவன்தான் இருநூறு தரம் செய்வாய். மற்றப் பிள்ளைகள் ஐம்பதோடு கள்ளக் கணக்குச் சொல்லிவிட்டு எழும்பிவிடுவார்கள். மூன்றாம் மூலையில் நின்று முதலாம் மூலைக்கு நீ எறியும் பந்து தலைக்கு மேல் போகாமல் ஒரே மட்டத்தில் போகும். விளையாட்டு எனக்கு முழுதாக விளங்காது, ஆனால் நேர்கோடு விளங்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையடித்திருக்கிறேன், உன் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை.

அறுபத்தொன்பதாம் ஆண்டு பங்குனியில் நீ இரண்டாம் மூலைக்கு ஓடிச் சறுக்கி விழுந்து தோள் கழன்றது. கிண்ணியாவிலிருந்து முறிவு வைத்தியம் பார்க்கும் அலியார் பரிசாரியைக் கூட்டிவந்தோம். அவர் உன்னை நிலத்தில் படுக்கவைத்து, கமக்கட்டில் தன் குதிக்காலைக் கொடுத்து இழுத்தபோது நீ கத்திய சத்தத்தில் நான் வெளியே ஓடிவிட்டேன். ஓடிப்போய் நின்ற இடம் கோயில். அங்கே வைத்துத்தான் அந்த நேர்த்தியை வைத்தேன். பிள்ளையின் தோளைத் திருப்பித் தா தாயே, அந்தத் தோளாலேயே மூன்று வருடம் உன் கூட்டைத் தூக்கச் செய்கிறேன் என்றேன். உன்னிடம் கேட்கவில்லை. உனக்கு அப்போது பதினேழு வயது, பிள்ளையிடம் என்ன கேட்பது என்று நினைத்தேன். வேறு எதையும் நேர்ந்திருக்கலாம், என் தலைமுடியை நேர்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் கண்ணுக்குள் நின்றது உன் தோள்தான், அதையே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

கட்டு அவிழ்த்த பிறகு ஹார்லன் சுவாமி மூன்று மாதத்துக்கு ஓர் ஒழுங்கு எழுதித் தந்தார், சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். அவருடைய கோணல் தமிழ் எழுத்தில் எழுதிய அந்தக் கடுதாசி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முதல் மாதம் பந்தைத் தொடவே விடவில்லை. விரல்களைச் சுவரில் வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும், நோ எடுக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும், மறுநாள் அந்தக் கோட்டை ஒரு விரல் தாண்டினால் போதும். யன்னல் கம்பியில் பழைய சைக்கிள் டியூப்பைக் கட்டி, கமக்கட்டுக்குள் மடித்த துவாயை வைத்து, துவாய் விழாமல் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விட வேண்டும், இருபது தரம். நீ வேகமாக இழுத்தால் சுவாமி முதலிலிருந்து எண்ண வைப்பார். இரண்டாம் மாதம் ஒரு முழங்காலில் நின்று பதினைந்து அடியிலிருந்து இருபது தரம் எறிவது, ஒருநாள் எறிந்தால் மறுநாள் ஓய்வு. பிறகு முப்பது அடி, பிறகு அறுபது. நோ வந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும், அதில் வெட்கமில்லை என்று அடியில் எழுதியிருந்தார். ஆடி முடியும்போது நீ மூன்றாம் மூலையிலிருந்து எறிந்தாய், பழைய நேர்கோடு வந்துவிட்டது. நான் பந்தைத் தைப்பதுபோலக் குனிந்துகொண்டு அழுதேன். செப்டெம்பரில் கொழும்பில் அமெரிக்கர்களின் குழுவோடு ஆட்டம், அதற்கு உன்னைத் தெரிவு செய்திருந்தார்கள்.

இனி நீ அறியாததைச் சொல்கிறேன். ஆடிக் கடைசியில் பரிசாரிக்கு அரிசியும் வெற்றிலையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, அவர் என்னோடு துறையைக் கடக்கும் பாதைப் படகு வரைக்கும் வந்தார். ஏறுவதற்காக நான் காத்து நின்றபோது சொன்னார்: “எறியலாம், இழுக்கலாம், நீந்தலாம். ஆனா மேலயிருந்து பாரம் விழப்படாது. அடுத்த மாரி முடியுமட்டும் ஒரு சாக்கு எண்டாலும் அந்தத் தோளில ஏத்தாதயுங்கோ.” நான் ஓம் என்றேன். பெருநாளுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. பாதைப் படகு கரை சேருவதற்குள் நான் எனக்குச் சமாதானம் சொல்லி முடித்துவிட்டேன். சாக்கு வேறு, மாதா வேறு என்று நினைத்தேன். தோளைத் தந்த தாய் தன்னைத் தூக்கும்போது அந்தத் தோளை நோகவிடுவாளா என்று நினைத்தேன். பரிசாரியின் பேச்சை உன்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை, ஹார்லன் சுவாமியிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூவரும் மறிப்பீர்கள் என்று தெரியும். தெரிந்துதான் மறைத்தேன் மகனே, மறந்துபோய் அல்ல.

பெருநாளன்று பின்னேரம் நீ வெள்ளை வேட்டியோடு நின்று என்னிடம் ஒன்று கேட்டாய், உனக்கு அது நினைவில்லாமல் இருக்கலாம். “இடது தோளால தூக்கட்டா அம்மா?” என்று கேட்டாய். எனக்கு அந்த இடத்தில் ஒரு வாய்ப்புத் தரப்பட்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான் சொன்னது, “சுகமான தோளாலதான் நன்றி சொல்ல வேணும்.” தோளுக்கு வைக்க இலவம்பஞ்சு அடைத்து ஒரு சின்ன மெத்தையும் தைத்து வைத்திருந்தேன். மெத்தை தேவைப்படும் என்று தெரிந்தவளுக்கு வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. எட்டுப் பேர் தூக்கும் கூடு, முன்தண்டில் நீதான் உயரம், உயரமானவனின் தோளில்தான் பாரம் நிற்கும் என்பதைப் படங்கு சுமப்பவர்களைப் பார்த்தே பழகிய எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடற்கரைக்கு இறங்கும் இறக்கத்தில் கூடு முன்பக்கம் சரிந்தது. உன் முகம் வெளிறி, கண்கள் மூடி, உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் நின்ற கமலேஸ்வரி ரீச்சர், வேதக்காரி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் கூடு பார்க்க வருகிறவர், பிள்ளை என்ன பக்தியாய் வாறான் பாருங்கோ என்றார். எனக்குத் தெரியும் அது பக்தி இல்லை என்று. தெரிந்தும் அந்தப் புகழ்ச்சியை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அடுத்த கிழமை நீ எறிந்த பந்து முதலாம் மூலைக்குப் பாதிவழியில் நிலத்தில் விழுந்தது. பெருநாளன்று தோளில் பிடித்த நோ என்று நீ யாரிடமும் சொல்லவில்லை, தடிமன், உடம்பு அலுப்பு என்றாய். மாதாவின் பேரில் குறை சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டாயா, என் பேரில் சொல்லக்கூடாது என்றா, அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. கொழும்புக்கு உன் இடத்தில் வேறொருவன் போனான். அந்தக் கிழமையில்தான் ஹார்லன் சுவாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அறுபது அடிக்குப் போகாமல் முப்பதில் நிறுத்தியிருக்க வேண்டும், கொழும்பு ஆட்டத்தை நினைத்து நான் பிள்ளையை அவசரப்படுத்திவிட்டேன் என்றார். அப்பா பாவம், அதெல்லாம் இல்லை சுவாமி என்று தடுமாறினார். நான் குசினி வாசலில் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டு நின்றேன். ஒரு வசனம் போதும். “அது நீங்கள் இல்லை சுவாமி” என்றால் போதும். நான் கலக்கிக்கொண்டே நின்றேன். அவர் எழுந்து சுவரில் இருந்த கடுதாசியைக் கிழியாமல் கழற்றி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “இனி இதை ஆருக்கும் குடுக்கமாட்டன்” என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார். அடுத்த வருடம் அப்பியாசம் இல்லை, அதற்கடுத்த வருடம் பேஸ்போலே இல்லை. தைத்த பந்துகளை வாங்கிக்கொண்டு போகவும் யாரும் வரவில்லை. உன் விளையாட்டை மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரின் விளையாட்டையும் நான் வாய் திறக்காதது நிறுத்திவிட்டது. எழுபதில் தோள் ஏலாது என்று நீ கூட்டைத் தூக்கவில்லை, எழுபத்தொன்றில் ஊரடங்குச் சட்டத்தால் கூடு கோயில் வளவுக்குள்ளேயே சுற்றியது, எழுபத்திரண்டில் ஹார்லன் சுவாமி பிடித்துத் தந்த வேலையிடத்துக்கு நீ அமெரிக்காவுக்குப் போய்விட்டாய். மிச்ச இரண்டு வருடம் என் மனதில் கிடந்து உறுத்தியது உண்மை. நேர்த்தி தீராததால் உறுத்துகிறது என்று நானும் உன்னைப்போலவே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தில் சுவாமி சொன்னதை வாசித்த பிறகுதான் உறுத்தியது எது என்று தெரிந்தது.

புதன்கிழமை நொவேனா முடிந்ததும் பங்குச் சுவாமி மைக்கலைக் கண்டு, பரிசாரியின் பேச்சிலிருந்து தேத்தண்ணி வரைக்கும் எல்லாம் சொன்னேன். மகன் வராமல் மிச்சத்தை எப்படித் தீர்ப்பது என்று கேட்டேன். அவர் என்னிலும் இருபது வயது இளையவர், நேராகவே சொன்னார்: “உங்கட முழங்காலை நீங்கள் நேரலாம் அக்கா, உங்கட பட்டினியை நேரலாம். பிள்ளையின்ர தோளை நேர உங்களுக்கு ஆர் தந்தது?” எனக்குக் கோபந்தான் முதலில் வந்தது, பத்து மாதம் சுமந்த எனக்கு யார் தர வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகு அங்கேயே வாங்கில் இருந்துவிட்டேன். அந்த நேர்த்தி உன்னைக் கட்டாது, ஒருநாளும் கட்டியதில்லை என்றார். எனக்கு ஏதாவது தண்டனை தாருங்கள் என்றேன், நூற்றைம்பத்துமூன்று மணிச் செபமாலை என்றாலும் சரி, நடந்து போவதென்றாலும் சரி. தண்டனை இங்கே இல்லை அக்கா, உண்மை யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களிடம் சேருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து முதலில் அப்பாவிடம் சொன்னேன். பீங்கானில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்கு இறங்கும்போது படலையில் நின்று, பொடியனுக்கு எழுது என்று மட்டும் சொன்னார். நேற்றுக் கிண்ணியாவுக்கும் போனேன். பரிசாரிக்குக் கண் மங்கிவிட்டது, மனைவி றுக்கியாதான் கையைப் பிடித்துக் கொண்டுவந்து இருத்தினார். சொன்னதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை, ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். உனக்கு அனுப்ப எண்ணெய் கேட்டேன், தரவில்லை. எண்ணெயைப் பூசிவிட்டுச் சுகம் என்று நினைத்து எறியப் போவான், அங்குள்ள டொக்டர் படம் பிடித்துப் பார்த்துத்தானே சொல்லியிருக்கிறார், அவர் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள் என்றார்.

ஆகவே கேள். நாலு மாதம் என்றால் நாலு மாதம். செப்டெம்பர் ஆட்டத்தில் எறியாதே, ஊசி போட்டு நோவை மறைத்துக்கொண்டும் எறியாதே. உன் நம்பிக்கையில் இருக்கும் கூட்டாளிகளிடம் இன்றைக்கே போய் ஏலாது என்று சொல்லு, நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி. தோளுக்குத்தான் ஓய்வு, காலுக்கு இல்லை, ஓடு, நண்டு நடை நட, மற்றவர்கள் உருட்டும் பந்துக்கு முன்னால் போய் நின்று பழகு. டொக்டர் விட்டால் சைக்கிள் டியூப்பைக் கட்டு, துவாயை மறக்காதே, நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விடு. எறியத் தொடங்கும்போது பதினைந்து அடியிலிருந்து தொடங்கு, இருபத்துநாலு வயது ஆம்பிளை முழங்காலில் நின்று எறிவதா என்று வெட்கப்படாதே. கிடங்கில் பெட்டி தூக்கும் வேலையை இடது பக்கத்துக்கு மாற்றச் சொல்லு, அல்லது கணக்கெடுக்கும் வேலையாவது கேள். பல் விளக்கும்போதும் நோகிறது என்று எழுதியிருந்தாய், அதை டொக்டரிடம் சொன்னாயா? குளிரில் ஈரச் சட்டையோடு நிற்காதே. என்மேல் கோபம் வந்தால் கோபி. ஒரு மாதம் எழுதாமல் இருந்தாலும் நான் தாங்குவேன், இரண்டு மாதம் என்றால் அப்பா தாங்கமாட்டார். உன் தோள் உன்னுடையது பேணாட். நான் கொடுத்த வாக்கை மாதாவிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். நீ கூட்டைத் தூக்க வேண்டும் என்று உனக்கே ஆசை வந்தால் ஒருநாள் தூக்கு, எந்தத் தோளால் என்று யாரிடமும் கேட்காதே.

பெருநாளுக்கு வர எடுத்து வைத்த லீவில் எனக்கு ஒரு காரியம் செய். பஸ்ஸில் ஒருநாள் வழி என்று எழுதியிருந்தாய், ஹார்லன் சுவாமியிடம் போ. நீ வாயால் சொன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் பூசி மெழுகிச் சொல்வாய், உன்னை எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தையே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து முதலிலிருந்து வாசித்துக் காட்டு. அவருக்கு எங்கள் தமிழ் நன்றாக விளங்கும். அம்மா என்று இரக்கப்பட்டு ஒரு வரியையும் விட்டுவிடாதே. தாமதிக்காதே, அவருக்கு வயது எழுபத்தெட்டு. அப்பாவும் சீலாவும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். மாதா உன்னைத் தன் கையில் வைத்துக் காக்கட்டும், போக்கிலும் வரவிலும் நித்திரையிலும் உன் காவற்சம்மனசு கூட இருக்கட்டும். இதற்குக் கீழே உள்ளது சுவாமிக்கு.

சுவாமி, நான் பந்து தைத்த மாகிரட். உங்கள் கடுதாசியில் ஒரு பிழையும் இருக்கவில்லை. நீங்கள் எழுதித் தந்தபடி பிள்ளை மூன்று மாதமும் செய்தான், தோள் வந்தது, நான் கண்ணால் கண்டேன். அதைக் கெடுத்தவள் நான். நீங்கள் மன்னிப்புக் கேட்க வந்த அன்று அது எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டுதான் உங்களுக்குத் தேத்தண்ணி தந்தேன். ஏழு வருடமாக நீங்கள் சுமப்பது என்னுடைய குற்றம் சுவாமி. அதை என்னிடம் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பேணாட்டின் அம்மா
மாகிரட்